ஃபார்முலா ரோசாவில் ஏறும் முன் கழுத்தைக் கவனியுங்கள்

ஊரிலிருந்து அபுதாபிக்கு யார் வந்தாலும், யாஸ் தீவிலுள்ள ஃபெராரி வேர்ல்டு கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப்போவது எங்கள் வீட்டு வழக்கம். அண்மையில் வந்த அக்கா மகன், அங்குள்ள ஃபார்முலா ரோசா ரோலர் கோஸ்டரில் முன்வரிசையில் உட்கார்ந்ததும் என் பக்கம் திரும்பி, “தயாரா மாமா?” என்றான். “நேரே பார்!” என்று கத்திவிட்டேன். பல ஆண்டுகளுக்கு முன் நானும் அப்படித்தான் திரும்பினேன்.

சாப்பிட்டவுடன் ஏறாதே, சட்டைப்பையில் கைபேசி வைக்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு, மற்றத் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

புறப்படும் நொடியில் தலையைத் திருப்புவது

மற்ற ரோலர் கோஸ்டர்களில் சங்கிலி நம்மை மெல்ல மேலே இழுத்துப்போகும். பயப்படவும் பேசவும் நேரம் இருக்கும். இங்கே அது கிடையாது. வண்டி நின்ற இடத்திலிருந்து சுமார் 5 வினாடிகளில் மணிக்கு 240 கி.மீ. வேகத்தைத் தொட்டுவிடும். அழுத்தத்தில் அடைத்து வைத்த ஆற்றலை ஹைட்ராலிக் இயந்திரம் ஒரே மூச்சில் அவிழ்த்துவிட, கம்பிவடம் வண்டியை இழுத்தெறிகிறது.

மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. அந்த உந்தலில் எட்டு கிலோவுக்கும் மேற்பட்ட விசை அதைப் பின்னால் தள்ளும். தலை இருக்கையில் சாய்ந்திருந்தால் அந்தச் சுமையை இருக்கை வாங்கிக்கொள்ளும். பக்கவாட்டில் திரும்பியிருந்தாலோ, முன்னால் நீட்டியிருந்தாலோ கழுத்துத் தசைகள்தான் தாங்க வேண்டும், அதுவும் முறுக்கிய நிலையில். நான் திரும்பிய அன்று ‘சுளீர்’ என்றது. மறுநாள் காலை தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை. பத்து நாட்கள் விடுப்பு, பிசியோதெரபி, காரோட்ட முடியாமல் டாக்சிச் செலவு.

வலியைவிட எனக்கு எரிச்சல் தருவது, இதைத் தவிர்க்க ஒரு காசும் செலவில்லை என்பதுதான். வண்டி மெல்ல நகர்ந்து நின்றதுமே பின்னந்தலையை இருக்கையில் அழுத்துங்கள். பார்வை நேரே இருக்கட்டும். பக்கத்தில் இருப்பவர் பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாதீர்கள். அந்தச் சில நொடிகளில்தான் எல்லோருக்கும் பேச்சு வருகிறது! அதன்பின் 52 மீட்டர் உயரத்துக்கு ஏறி இறங்கி வளையும்போதும் தளர்ந்துவிடக் கூடாது. உச்சமாக 4.8 ஜி வரை, அதாவது புவியீர்ப்பைப் போல் 4.8 மடங்கு, அழுத்தம் வரும். அந்தக் கணத்தில் உங்கள் தலை 24 கிலோ.

கழுத்திலோ முதுகிலோ ஏற்கெனவே கோளாறு உள்ளவர்கள் ஏறவே வேண்டாம்.

கண்ணாடியைத் தளர்வாக மாட்டுவது

பாதுகாப்புக் கண்ணாடியை அழகுக்காகக் கொடுப்பதில்லை. திறந்தவெளிப் பாலைவனம் அது. அந்த வேகத்தில் ஒரு மணல் துகள் போதும். பட்டையை இழுத்து மாட்டுங்கள்.

எடுத்த எடுப்பில் இதில் ஏறுவது

முதலில் அதே பூங்காவிலுள்ள ஃபியோரானோ ஜிடி சேலஞ்ச் ரோலர் கோஸ்டரில் ஏறுங்கள். அதன் வேகம் மணிக்கு 95 கி.மீ.; தலையை எப்படி வைப்பது என்று உடம்பு அங்கே கற்றுக்கொள்ளும்.

மாலைக்கு ஒத்திப்போடுவது

காற்று பலமாக வீசினால் நிறுத்திவிடுவார்கள். காலையிலேயே போங்கள்.

முன்வரிசைக்காக அடம்பிடிப்பது

முதல் முறை வேண்டாம். அக்கா மகன் இரண்டாம் முறை நடுவில்தான் உட்கார்ந்தான், தலையை இருக்கையோடு ஒட்டி. இறங்கியதும் கழுத்தை இருபுறமும் திருப்பிக் காட்டினான்.