பியர் போத்தலில் திகதி எங்கே இருக்கிறது, அதை எப்படிப் படிப்பது

கள்ளுக்குத் திகதி தேவையில்லை. தவறணையில் பிளாவை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாலே விடியக் கள்ளா, பின்னேரம்வரை கிடந்ததா என்று தெரிந்துவிடும். பியர் அப்படி இல்லை. எட்டு மாதம் வெக்கையில் கிடந்த போத்தலும் போன கிழமை வந்த போத்தலும் வெளியே ஒரே மாதிரித்தான் நிற்கும். திறந்தால் இரண்டிலும் நுரை வரும். காசு கொடுத்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, வாயில் வைத்த பிறகுதான் மழையில் நனைந்த காட்போட் மட்டையைச் சப்பிய மாதிரி ஒரு சுவை வரும். அப்போது யாரிடம் போய்ச் சொல்வது?

என்னை இதற்குள் இழுத்துவிட்டது 2024 சித்திரை வருடப்பிறப்பு. ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சான் ஆறு ரின் பியரை சேர்ட்டுகளுக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். ரின்னின் அடியில் 2024, அதற்குப் பிறகு எம்ஏ, பிறகு 14. மார்ச் 14, ஒரு மாதம் கடந்துவிட்டது என்று நான் பெரிய விஷயகாரன் மாதிரித் தீர்ப்புச் சொல்லி, ஆறையும் கிணற்றடி வாழைக்கு ஊற்றினேன். பிறகுதான் விளங்கியது, அது மே 14. நல்ல பியர். வாழை நன்றாகத்தான் இருக்கிறது.

தேவையானவை: போனில் உள்ள ரோர்ச், ஒரு பழைய துணி, அழியாத மார்க்கர் பேனா. பார்கோடைப் பிடித்தால் திகதி சொல்லும் என்கிற அப் ஒன்றையும் நம்பாதீர்கள். சாதாரண பார்கோடில் பொருள் என்ன என்ற இலக்கம்தான் இருக்கிறது, எப்போது அடைத்தார்கள் என்பது இல்லை. (21 வயது ஆகாதவர்கள் இந்தப் பக்கத்தைவிட்டு எழும்பலாம். கடையிலும் தரமாட்டார்கள்.)

படி 1: எழுத்தைக் கண்டுபிடிப்பது

ரின் என்றால் தலைகீழாகப் பிடியுங்கள், பெரும்பாலும் அடியில்தான் இருக்கும். போத்தல் என்றால் கழுத்து, தோள், பின் லேபிளின் ஓரம், மூடி என்று தேட வேண்டும். ஐஸிலிருந்து எடுத்த போத்தலை முதலில் துடையுங்கள், ஆனால் மெதுவாக. மையில் அடித்த எழுத்து ஈரத்தோடு தேய்த்தால் போய்விடும். கண்ணாடியிலேயே லேசரால் பொறித்திருந்தால் நேராக ரோர்ச் அடித்து ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் சரித்து அடியுங்கள். அப்படியும் தெரியாவிட்டால், மூக்குக்கண்ணாடி துடைக்கும்போது செய்வதுபோல வாயால் ஊதிப் பாருங்கள், பொறித்த இடம் தனியாகத் தெரியும்.

நம் ஊர்ச் சிக்கல் வேறு. கடையில் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் போத்தல், இந்தப் பக்கம் நாம், பின்னால் வரிசை. கேட்டால்தான் உண்டு.

“அண்ணை, இதில திகதி என்ன போட்டுக் கிடக்கு?”

“உதெல்லாம் பாக்கிறியளே தம்பி? சாமான் போன கிழமைதான் வந்தது.”

கடைக்குப் போன கிழமை வந்திருக்கும், பொய்யில்லை. அதற்கு முதல் எங்கே நின்றது என்பதுதான் நம் கேள்வி. கூட்டம் குறைந்த நேரத்தில் போனால் எடுத்துக் காட்டுவார்கள். எனக்கு இதுவரை ஒருவரும் மறுத்ததில்லை, சிரித்திருக்கிறார்கள்.

படி 2: எழுத்தைப் படிப்பது

நான் விழுந்தது இங்கேதான், ஆகவே கொஞ்சம் இருந்து சொல்கிறேன்.

இலங்கையில் விற்கும் சாமானில் எம்எஃப்டி என்றால் உற்பத்தித் திகதி, ஈஎக்ஸ்பி என்றால் காலாவதித் திகதி. நாள், மாதம், வருடம் என்ற ஒழுங்கில் இருக்கும். இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எல்லோரும் ஈஎக்ஸ்பியை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். நீங்கள் மற்றதைப் பாருங்கள். பியருக்கு வயதுதான் முக்கியம். காலாவதித் திகதி என்பது செய்தவர்கள் தாங்களே போட்டுக்கொண்ட எல்லை, அதுவும் பியர் ஒழுங்கான இடத்தில் நின்றால்தான். 1996இல் பட்வைசர்காரர் போத்தலில் ‘பிறந்த திகதி’ போடத் தொடங்கி, 110 நாளுக்குள் குடித்தால் நல்லது என்று விளம்பரம் செய்தார்கள். வியாபாரத் தந்திரம்தான், ஆனாலும் குடிக்கிறவனுக்குப் பயன்படும் தந்திரம்.

காலாவதி மட்டும் போட்டிருந்தால்? அதே பியரில் இரண்டு திகதியும் உள்ள ஒன்று கையில் கிடைக்கும்போது இடைவெளியை ஒரு தரம் கணக்குப் பார்த்து எழுதி வையுங்கள். பிறகு கழிப்பதுதான் வேலை.

இனி வெளிநாட்டுச் சாமான். யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டில்தான் வெளிநாட்டு ஆட்கள் வந்துபோகவில்லை? அமெரிக்காவில் மாதம் முன்னால் வரும், 05/04 என்றால் மே 4. ஜெர்மன் போத்தலில் ‘மின்டெஸ்டென்ஸ் ஹால்ட்பார் பிஸ்’ என்று இருந்தால், குறைந்தது அதுவரை நன்றாக இருக்கும் என்று பொருள். கனடாவில் ஆங்கிலத்துக்கும் பிரெஞ்சுக்கும் பொதுவாக மாதத்துக்கு இரண்டெழுத்து வைத்திருக்கிறார்கள். எம்ஆர் மார்ச், எம்ஏ மே. ஏஎல் ஏப்ரல், ஏயு ஓகஸ்ட். ஜேஏ ஜனவரி, ஜேஎன் ஜூன், ஜேஎல் ஜூலை. மற்ற மாதங்களில் குழப்பமில்லை. மார்ச்சையும் மேயையும் மட்டும் பச்சை குத்தினாலும் பரவாயில்லை.

அடுத்தது நாள் எண். சில போத்தலில் 24135 என்று மட்டும் இருக்கும். முதல் இரண்டு எழுத்து வருடம், 2024. மற்ற மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. ஏப்ரல் முடிய 121 நாள், மீதி 14, ஆகவே மே 14. சிலர் வருடத்துக்கு ஒரே ஒரு இலக்கம் போடுவார்கள், அதுவும் முன்னாலும் வரும் பின்னாலும் வரும். அப்போது ஒரு சின்ன வழி: மூன்று இலக்கத்தை ஒரே எண்ணாகப் படித்தால் 366ஐத் தாண்டுகிறதா? தாண்டினால் அது நாள் அல்ல, மற்றப் பக்கத்திலிருந்து பிரியுங்கள். பக்கத்தில் நான்கு இலக்கம் தனியாக நின்றால் போத்தலில் அடைத்த நேரமாக இருக்கலாம். 0914ஐ செப்டெம்பர் 14 என்று நினைத்து ஒரு நாள் முழுக்கச் சண்டை பிடித்திருக்கிறேன். அது காலை ஒன்பதே கால்.

படி 3: திகதியோடு வெக்கையையும் சேர்த்துக் கணக்குப் போடுவது

பியர் பழுதாவது இரண்டு வழியில். ஒன்று, உள்ளே மிஞ்சிய ஒட்சிசன். அது மெல்ல மெல்ல வேலை செய்து, ட்ரான்ஸ்-2-நொனெனல் என்ற பொருள் மேலெழுந்து, அந்த ஈர மட்டைச் சுவையைத் தரும். வெப்பம் 10 பாகை கூடினால் இந்த வேலை இரண்டு மூன்று மடங்கு வேகமாக நடக்கும். பியர் காய்ச்சுகிறவர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: 32 பாகையில் 3 நாள், 22 பாகையில் 30 நாள், 3 பாகையில் 300 நாள், மூன்றிலும் பியருக்கு ஒரே அளவு வயது போகும். அச்சொட்டான கணக்கு இல்லை, மேலே சொன்ன இரண்டு மூன்று மடங்கைவிடக் கூட்டித்தான் சொல்கிறது. ஆனாலும் 32 பாகை என்பது நமக்கு வைகாசி மத்தியானம். கொழும்புப் பக்கமிருந்து ஏ9 வீதியால் லொறியில் வந்து, பின்னால் தகரக் கொட்டிலில் நின்ற பெட்டியை நினைத்துப் பாருங்கள்.

மற்றது வெளிச்சம். பியருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஹொப்ஸ் என்ற பூவின் கசப்புப் பொருளில் வெயில் பட்டால் கந்தகம் கலந்த ஒரு நாற்றம் பிறக்கும். வெள்ளைக்காரர் ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றம் என்பார்கள். நம்மிடம் அந்த விலங்கு இல்லை, எனக்கு எரிந்த றப்பர் ஞாபகம் வந்தது. நிறமில்லாத போத்தலில் சில நிமிட வெயிலே போதும். பச்சையும் அதிகம் காப்பாற்றாது. மண்ணிறப் போத்தல் நல்லது, ரின் அதைவிட நல்லது. ரின்னுக்குள் வெளிச்சமும் போகாது, மூடி வழியாகக் காற்றும் கசியாது. போத்தலில் குடித்தால்தான் பியர் என்கிற ஆட்களோடு நான் வாதாடுவதில்லை, ஆனால் யாழ்ப்பாணத்து வெக்கையில் என் காசு ரின்னுக்குத்தான்.

படி 4: வாங்குவது, வைப்பது

அதிகம் விற்கிற பியரை வாங்குங்கள். பௌர்ணமிப் போயா தினத்தில் கடை பூட்டு என்பதால் முதல் நாளே ராக்கை காலியாகும், அதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் புதுச் சரக்கு. மேல் தட்டில் தூசி பிடித்து நிற்கும் விலை கூடிய வெளிநாட்டுப் போத்தல்தான் கடையிலேயே வயதானது. ஹொப்ஸ் வாசனைக்காகவே குடிக்கும் ஐபிஏ வகைகள் எல்லாவற்றிலும் முதலில் வாடும். 8.8 சதவீத லயன் ஸ்டவுட் போன்ற கறுத்த, வலுவான பியர் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதற்காக ஆண்டுக்கணக்கில் வைக்கச் சொல்லவில்லை.

வீட்டில் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் நிமிர்த்தி வையுங்கள், கதவில் வேண்டாம். அடைத்த திகதியை மார்க்கரால் பெரிதாக எழுதிவிடுங்கள், மச்சான்மார் எடுக்கும்போது பழையது முதலில் போகட்டும்.

நம்பாதவர்கள் ஒரே பியரில் நிறமில்லாத போத்தல் இரண்டு வாங்கி, ஒன்றை அரை மணித்தியாலம் முற்றத்து வெயிலில் வைத்து, பிறகு இரண்டையும் ஒன்றாகக் குளிரவைத்து, எது எது என்று தெரியாமல் யாரையாவது ஊற்றித் தரச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் பியரே குடிக்காத அம்மா மணந்து பார்த்து, “உது பழுது” என்று சரியான கிளாசைத் தள்ளிவிட்டார்.

பிற்சேர்க்கை 1: பலர் கேட்டது, திகதி முடிந்ததைக் குடித்தால் வருத்தம் வருமா? மூடி ஒழுங்காக இருந்தால் அந்தப் பயம் வேண்டாம். அமிலம், அல்கஹோல், ஹொப்ஸ் எல்லாம் சேர்ந்து ஆளை வருத்தும் கிருமிகளை வளரவிடாது. போவது சுவைதான்.

பிற்சேர்க்கை 2: கரண்ட் போய் வந்தால், குளிர்ந்து, சூடாகி, திரும்பக் குளிர்ந்த பியர் கெட்டுவிடும் என்று வாசித்த சிலர் எழுதியிருந்தார்கள். மாறி மாறி வருவதால் தனியாக ஒரு கேடும் இல்லை. சூட்டில் நின்ற மொத்த நேரம்தான் கணக்கு. இரண்டு மணித்தியால வெட்டுக்கு ஒன்றும் ஆகாது.

பிற்சேர்க்கை 3: முதலில் 24135ஐ மே 15 என்று போட்டிருந்தேன். 2024இல் பெப்ரவரிக்கு 29 நாள் என்பதை வல்வெட்டித்துறையிலிருந்து ஒருவர் சுட்டிக்காட்டினார். மேலே திருத்திவிட்டேன். அவருக்கு ஒரு ரின் கடன். திகதியை அவரே பார்த்து எடுக்கட்டும்.