ஒரு வானியலாளரின் ஆய்வு வாழ்க்கையைக் கட்டுரைகளின் வழியே படிப்பது எப்படி

பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் மாத இதழ் ஒன்றில் பன்னிரண்டு வருடமாக வானியலாளர்களைப் பற்றி எழுதி வருகிறேன். ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் கைக்குக் கிடைப்பவை பிறந்த தேதியும் விருதுப் பட்டியலும்தான். அவர் எதைத் தேடினார், யாரோடு சேர்ந்து உழைத்தார், அந்த வேலையை அவருக்குப் பின் யார் எடுத்துக்கொண்டு போனார்கள் என்பதெல்லாம் அவருடைய ஆய்வுக் கட்டுரைகளில் இருக்கிறது. கணக்கு முழுக்கப் புரியாவிட்டாலும் அவற்றிலிருந்து நிறையத் தெரிந்துகொள்ளலாம். நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். உதாரணத்துக்கு வைணு பாப்புவை எடுத்துக்கொள்வோம். 1927-ல் சென்னையில் பிறந்து, ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தை உருவாக்கியவர்.

வேண்டிய கருவி ஒன்றுதான். ஏ.டி.எஸ். என்று வானியலாளர்கள் தினமும் சொல்லும் வானியற்பியல் தரவகம். நாசாவின் நிதியில் ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகம் நடத்துவது. காசு கிடையாது, பதிவு செய்யாமலேயே தேடலாம். பழைய இதழ்களின் பக்கங்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள் என்பதால் அறுபது எழுபது வருடத்துக்கு முந்தைய கட்டுரையையும் அச்சிட்ட வடிவிலேயே பார்க்கலாம்.

தேடுபெட்டியில் பெயரைப் போடும் இடத்திலேயே நிதானம் வேண்டும். நான் பெரிய தவறு செய்தது அங்கேதான். தொடக்கத்தில் ஒரு மூத்த ஆய்வாளரைப் பற்றி எழுதியபோது, நாற்பது வயதுக்குப் பிறகு அவர் எழுதுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார் என்று எழுதிவிட்டேன். இதழ் வந்த வாரமே அவரோடு வேலை செய்த ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. அவர் நிறுத்தவே இல்லை. பிற்காலக் கட்டுரைகள் எல்லாம் அவருடைய அப்பாவின் பெயரில் பட்டியலாகியிருந்தன.

நமக்கு இது சொல்லாமலே புரிய வேண்டிய விஷயம். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர் இனிஷியலாக முன்னால் நிற்கும். வெளிநாட்டு இதழோ கடைசிப் பெயர் எது என்று கேட்கும். ஒருவர் தன் பெயரைக் கொடுப்பார், இன்னொருவர் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் கொடுப்பார், மூன்றாமவர் இளமையில் ஒன்றும் பின்னாளில் வேறொன்றும் கொடுத்திருப்பார். சுப்பிரமணியன் சந்திரசேகருக்கு இந்தத் தொல்லை இல்லை. சுப்பிரமணியன் அப்பா பெயர், சந்திரசேகர் தன் பெயர், அந்தப் பெயரே கடைசியில் வந்து நிலைத்துவிட்டது. பாப்புவின் புகழ்பெற்ற 1957-ஆம் ஆண்டுக் கட்டுரை ‘வைணு பாப்பு, எம்.கே.’ என்று பதிவாகியிருக்கிறது. கே.ஆர். சிவராமனுடன் அவர் 1971-ல் சூரியனைப் பற்றி எழுதிய கட்டுரையில் ‘பாப்பு, எம்.கே.வி.’ என்று இருக்கிறது. ஆகவே ஒரு பெயரைத் தேடுவதற்கு முன், அது எத்தனை விதமாக அச்சேறியிருக்க முடியும் என்று தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றையும் போட்டுப் பாருங்கள். ஆள் இப்போது ஆய்வில் இருப்பவர் என்றால் ஆர்கிட் எண் உதவும். 2012-ல் வந்த 16 இலக்க அடையாள எண் அது. பெயர் எப்படி மாறினாலும் எண் மாறாது.

பட்டியல் கிடைத்ததும் அதை மேற்கோள் எண்ணிக்கைப்படி, அதாவது பிறர் தங்கள் கட்டுரைகளில் எத்தனை முறை அதைக் குறிப்பிட்டார்கள் என்பதன்படி, அடுக்காதீர்கள். காலவரிசையில், பழையதிலிருந்து புதியதற்கு வைத்துப் பாருங்கள். இடது பக்கம் வருடமும் தலைப்பும், வலது பக்கம் உடன் எழுதியவர்களின் பெயரும் என்று நோட்டுப் புத்தகத்தில் கையால் எழுதுகிறேன். கையால் எழுதும்போதுதான் ஒரு பெயர் எப்போது நுழைகிறது, எப்போது மறைகிறது என்பது கண்ணில் படும்.

இதில் ஒரு எச்சரிக்கை. கட்டுரை வெளியான வருடம் வேலை நடந்த வருடம் அல்ல. பாப்பு 1949-ல் ஹார்வர்டுக்குப் போனார். போன வருடமே பார்ட் போக், கார்டன் நியூகர்க் ஆகியோரோடு ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டறிந்தார். அதன்பின் கலிஃபோர்னியாவில் ஓலின் வில்சனோடு வேலை. 1953-ல் ஊர் திரும்பிவிட்டார். வில்சன்–பாப்பு கட்டுரை வெளியானது 1957-ல்! அப்போது அவர் நைனிதாலில் ஒரு புதிய வானாய்வகத்தை எழுப்பிக்கொண்டிருந்தார். வருடத்தை மட்டும் பார்ப்பவர், நைனிதாலில் உட்கார்ந்து இதைக் கண்டுபிடித்தார் என்று எழுதிவிடுவார்.

அடுத்து, பெயர்களின் வரிசை. வானியலில் பொதுவாக முதலில் நிற்பவரே அதிகம் உழைத்தவர், கட்டுரையை எழுதியவர். ஏ.டி.எஸ்.-இல் பெயருக்கு முன்னால் ஒரு கூரைக்குறி (^) போட்டால் அவர் முதல் ஆசிரியராக இருக்கும் கட்டுரைகள் மட்டும் வரும். முழுப் பட்டியலையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒருவர் தானே வழிநடத்திய காலம் எது, மாணவர்களை முன்னால் நிறுத்திவிட்டுப் பின்னால் நின்ற காலம் எது என்று தெரியும். பெரிய கூட்டணிகளில் இந்தக் கணக்கு செல்லாது. ஈர்ப்பலையை, அதாவது வெளியும் காலமும் அதிர்ந்து பரவும் அலையை, முதன்முதலாக உணர்ந்ததை அறிவித்த 2016-ஆம் ஆண்டுக் கட்டுரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அகர வரிசையில் நிற்கிறார்கள். அங்கே முதல் பெயருக்குப் பொருள் எதுவும் இல்லை.

பழைய கட்டுரைகளில் வரிசையை நம்புவதில் வேறு ஒரு சங்கடம் உண்டு. 1912-ல் ஹார்வர்டு வெளியிட்ட ஒரு சுற்றறிக்கை, சிறிய மெகல்லன் மேகத்தில் உள்ள 25 மாறும் விண்மீன்களை, அதாவது ஒளி கூடிக் குறையும் விண்மீன்களை, பற்றியது. கீழே கையொப்பம் இயக்குநர் எட்வர்ட் பிக்கரிங்குடையது. முதல் வரியைப் படித்தால்தான் இதைத் தயாரித்தவர் ஹென்ரியேட்டா லீவிட் என்று தெரியும். அண்டத்தின் தூரங்களை அளக்க நமக்குக் கிடைத்த முதல் நல்ல அளவுகோல் அந்தச் சில பக்கங்களில் இருக்கிறது. சீரான இடைவெளியில் வானொலித் துடிப்புகளை அனுப்பும் பல்சர் என்ற விண்மீனை அறிவித்த 1968-ஆம் ஆண்டுக் கட்டுரையும் அப்படித்தான். முதல் பெயர் ஆண்டனி ஹியூவிஷ், இரண்டாவது பெயர் ஜோஸலின் பெல். அந்த வானொலித் தொலைநோக்கியைக் கட்டுவதில் கையால் உழைத்தவர், தினமும் ஏறக்குறைய 30 மீட்டர் நீளத்துக்கு வந்து விழுந்த வரைதாளைக் கண்ணால் படித்து அந்த வினோதத் துடிப்பைப் பிடித்தவர், இரண்டாவதாக நிற்கும் மாணவி. 1974-ஆம் ஆண்டு நோபல் பரிசு ஹியூவிஷுக்கும் மார்ட்டின் ரைலுக்கும் போனது. இதை எழுதும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. பழைய கட்டுரை எதுவானாலும் முதல் பத்தியையும் கடைசி நன்றியுரையையும் படிக்காமல் விடாதீர்கள்.

இனி செல்வாக்கு. மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம். அவருடைய கட்டுரைகளில் ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதை மேற்கோள் காட்டியவை என்ற பட்டியலைத் திறந்து, பத்து வருடத்துக்கு நான்கைந்து வீதம் ஓர் இருபது கட்டுரைகளை எடுத்து, அந்தப் பெயர் வரும் வாக்கியத்தை மட்டும் தேடிப் படியுங்கள்.

வில்சன்–பாப்பு கட்டுரையில் செய்து காட்டுகிறேன். கால்சியத்தின் கே-கோடு என்பது நிறமாலையில், அதாவது விண்மீனின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பட்டையில், ஊதாப் பகுதியில், 393 நானோமீட்டரில் விழும் அகலமான கருங்கோடு. சூரியனை ஒத்த, அதைவிடக் குளிர்ந்த விண்மீன்களில் அந்தக் கருமையின் நடுவே மெல்லிய ஒளிக்கோடு ஒன்று எழும்பி நிற்கும். விண்மீன் உண்மையில் எவ்வளவு பிரகாசமோ அந்த அளவுக்கு அந்த ஒளிக்கோடு அகலம் என்று வில்சனும் பாப்புவும் காட்டினார்கள். கோட்டின் அகலத்தை அளந்தால் உண்மைப் பிரகாசம் கிடைக்கும். அது வானத்தில் எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதோடு ஒப்பிட்டால் தூரம் கிடைத்துவிடும்.

இதை மேற்கோள் காட்டியவர்களைப் படிக்கப் படிக்க நாலு விதமானவர்கள் தெரிவார்கள். முன்னுரையில் மரியாதைக்குப் பெயர் சொல்லிவிட்டு நகர்பவர்கள் ஒரு கூட்டம், இவர்கள்தான் அதிகம். இந்த முறையால் உண்மையிலேயே தூரம் அளந்தவர்கள் அடுத்தது. அகலத்துக்கும் பிரகாசத்துக்கும் ஏன் இந்தத் தொடர்பு என்று காரணம் தேடிக் கோட்பாடு எழுதியவர்கள் இன்னொரு பக்கம். பிறகு சரிபார்த்தவர்கள். ஹிப்பார்கோஸ் விண்கலம் அளந்த தூரங்கள் 1997-ல் வெளியானதும், பழைய அளவுகோல் சரியாக இருக்கிறதா என்று பலர் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். நாற்பது வருடம் கழித்தும் ஒரு கட்டுரையை ஒருவர் மெனக்கெட்டுச் சோதிக்கிறார் என்றால், அந்த ஒரு மேற்கோளை மரியாதைக்குச் சொன்ன ஐம்பதுக்கு மேலாக நான் மதிப்பேன்.

எச்-குறியீடு என்று ஓர் எண்ணையும் காட்டுவார்கள். இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005-ல் கொண்டுவந்தது. ஒருவருடைய கட்டுரைகளில் இருபது, ஒவ்வொன்றும் குறைந்தது இருபது மேற்கோளாவது பெற்றிருந்தால் அவருடைய குறியீடு இருபது. வெவ்வேறு காலத்தவரை இதால் ஒப்பிட முடியாது. அந்தக் காலத்தில் எழுதியவர்களே குறைவு, மேற்கோளும் குறைவு.

அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. ஒரு கண்டுபிடிப்பு எல்லோருக்கும் பொதுச்சொத்து ஆகிவிட்டால் யாரும் மூலக் கட்டுரையை மேற்கோள் காட்டுவதில்லை. எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெள்ளைக் குள்ள விண்மீனின் நிறை ஓர் எல்லைக்கு மேல் போக முடியாது என்பதைச் சந்திரசேகர் 1931-ல் எழுதினார். இன்றைய கணக்கில் அந்த எல்லை சூரியனைப் போல ஏறக்குறைய 1.4 மடங்கு. இன்று ‘சந்திரசேகர் எல்லை’ என்று எழுதுகிறவர்களில் பலர் அந்தக் கட்டுரையின் வருடத்தைக்கூடக் குறிப்பிடுவதில்லை. அவர் 1952 முதல் 1971 வரை அஸ்ட்ரோஃபிசிகல் ஜர்னலின் ஆசிரியராக இருந்து எத்தனையோ பேருடைய கட்டுரைகளைத் திருத்தி வெளியிட்டார். அதுவும் எந்த எண்ணிலும் ஏறாது.

பாப்புவுக்கும் அப்படித்தான். 1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரான பிறகு அவருடைய நேரத்தின் பெரும்பகுதி நிறுவனம் கட்டுவதில் போனது. மேற்கோளை மட்டும் பார்ப்பவர் அந்த வருடங்களைக் குறைத்து மதிப்பிடுவார். அவர் செய்ததைக் கண்டுகொள்ள வேறு வழியில் தேட வேண்டும். காவலூரில் 1972-ல் நிறுவிய ஒரு மீட்டர் தொலைநோக்கி, அவர் 1982-ல் இறந்த பின் 1986-ல் அவர் பெயர் சூட்டப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கி ஆகிய பெயர்களை ஏ.டி.எஸ்.-இல் நன்றியுரைப் பகுதிக்குள் மட்டும் தேடும்படி போடுங்கள். முழுக் கட்டுரைக்குள்ளும் தேடலாம். அந்தக் கருவிகளில் பிறந்த ஆய்வுகள் வரிசையாக வரும். அவற்றில் பலவற்றில் பாப்புவின் பெயர் ஆசிரியர் வரிசையில் இருக்காது. அந்தப் பட்டியலை அவர் செல்வாக்கின் ஒரு பகுதியாகத் தயங்காமல் எழுதுங்கள்.

மாணவர்களைத் தேட ஆஸ்ட்ரோஜென் என்ற தளம் இருக்கிறது. யாருக்கு யார் முனைவர் பட்ட வழிகாட்டி என்பதை அமெரிக்க வானியல் சங்கம் தொகுத்து வருகிறது. இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது சங்கங்களும் அறிவியல் கழகங்களும் வெளியிடும் நினைவுக் குறிப்புகளையும் பாருங்கள். சக ஆய்வாளர் ஒருவர் எழுதியது என்பதால் தகவல் நம்பகமாக இருக்கும், பாராட்டு சற்றுக் கூடுதலாக இருக்கும். சந்திரசேகர் போன்றவர்களுக்கு அமெரிக்க இயற்பியல் நிறுவனம் எடுத்த நீண்ட வாய்மொழிப் பேட்டிகள் எழுத்து வடிவில் கிடைக்கின்றன.

இதெல்லாம் முடிந்த பிறகே, ஆள் இருந்தால் அவருக்கு, இல்லாவிட்டால் உடன் எழுதியவருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புவேன். ‘உங்கள் சாதனைகளைச் சொல்லுங்கள்’ என்று கேட்டால் விருதுப் பட்டியல்தான் திரும்ப வரும். நான் கேட்பது இப்படி இருக்கும்: இந்த வருடத்துக் கட்டுரையின் நன்றியுரையில் மூன்றாவதாக ஒரு பெயர் வருகிறதே, அவர் அன்று இரவு என்ன செய்தார்? இதற்குப் பதில் வராமல் போனதே இல்லை. ஒருமுறை நான்கு பக்கத்துக்கு வந்தது. குவிமாடத்தின் மோட்டார் நின்றுபோன இரவில் அதைக் கையால் சுழற்றிக்கொண்டே நின்ற ஓர் உதவியாளரைப் பற்றி.