ஹெலனின் கதையைப் பெண்கள் சேர்ந்து படிப்பது எப்படி

கோத்தகிரி, குன்னூர் பக்கம் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு விக்டோரியா கால நாவல் படிக்க நினைத்தால், ஆன் பிராண்ட்டே 1848இல் வெளியிட்ட ‘தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்’ நாவலை எடுங்கள். குடிகாரப் புருஷனை விட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும் ஹெலனின் கதை இது. டாஸ்மாக்கைத் தாண்டி எஸ்டேட் வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கு அவள் கஷ்டத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலம் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் போதும், அவர் படித்துவிட்டு வந்து தமிழில் கதையாகச் சொல்லட்டும்.

வாங்கும்போது முதல் பக்கத்தைப் பாருங்கள். ஹால்ஃபோர்டு என்பவருக்கு எழுதிய கடிதத்தோடு தொடங்க வேண்டும்; அது இல்லையென்றால் வெட்டிச் சுருக்கிய பதிப்பு, வேண்டாம்.

முதல் நாளே அன்றைய சட்டத்தைச் சொல்லிவிடுங்கள். கதை நடப்பது 1820களில், கலெக்டர் சல்லிவன் ஊட்டியில் ஸ்டோன் ஹவுஸ் பங்களா கட்டிய காலம். அப்போது இங்கிலாந்தில் மனைவியின் சம்பாத்தியம் புருஷனுக்கு, பிள்ளையும் அவனுக்குத்தான். அவள் சம்பாதித்தது அவளுக்கே என்று சட்டம் வர 1870 ஆனது. இது தெரியாவிட்டால் ஹெலன் ஏன் பெயரை மாற்றிக்கொண்டு ஒளிந்து வாழ்கிறாள் என்பதே புரியாது.

முதல் 15 அத்தியாயங்களில் ஊர் வாய்தான் பேசும். தனியாக வந்த பொம்பளை, கூட ஒரு பையன், யாரோ என்னவோ என்று. அங்கே நிறுத்தி, அவளைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று எல்லோரையும் கேட்டுவிட்டு, அப்புறம் அவளுடைய டைரிக்குப் போங்கள்.

டைரியில் 40ஆம் அத்தியாயத்துக்கு ஒரு கூட்டம் முழுக்க ஒதுக்கலாம். படம் வரைந்து விற்றுப் பிழைக்கலாம் என்று அவள் ரகசியமாகத் திட்டம் போட்டிருப்பாள். புருஷன் டைரியைப் பிடுங்கிப் படித்துவிட்டு சாவிகளைக் கேட்டு அவள் கையிலிருந்து பிடுங்குகிறான், வண்ணங்களையும் தூரிகைகளையும் நெருப்பில் போடுகிறான், இனி மாதாமாதம் கைச்செலவுக்குக் கொஞ்சம் தருகிறேன் என்கிறான். அவன் கை ஓங்குவதே இல்லை, கவனியுங்கள். இந்த இடத்தில் பெண்ணியம் என்று பெரிய வார்த்தை எதுவும் வேண்டாம், கொழுந்து பறித்த கூலி வங்கிக் கணக்கில் ஏறுகிறது சரி, ஏடிஎம் கார்டு யார் பையில் இருக்கிறது என்று கேட்டால் போதும். பதில் சொல்லாதவரை வற்புறுத்தாதீர்கள். ஆண்கள் இல்லாத வீட்டில் கூடுவது நல்லது.

கடைசியில் புருஷன் சாகக் கிடக்கும்போது ஹெலன் திரும்பிப் போய்ப் பணிவிடை செய்வாள். இதற்கா இவ்வளவு பாடுபட்டாள் என்று கோபம் வரும், வரட்டும். ஆனால் பிள்ளையை அவன் கண்ணில் காட்டும் முன், மகன் விஷயத்தில் எழுத்தில் உறுதி கேட்டுக் கையெழுத்து வாங்குகிறாள் பாருங்கள், அதைத் திரும்பப் படியுங்கள். முன்பு படுக்கையறைக் கதவை அவன் முகத்தில் சாத்தியதைத்தான் விமர்சகர்கள் கொண்டாடுவார்கள், எனக்கு இந்தக் கையெழுத்துதான் பெரிது.

இரண்டாவதாக அவளைக் கட்டிக்கொள்ளும் கில்பர்ட்டையும் சும்மா விடாதீர்கள். அவளுடைய உடன்பிறந்தவன் என்று தெரியாமல், பொறாமையில் ஒருவனைச் சவுக்குப் பிடியால் மண்டையில் அடித்து ரோட்டில் விட்டுப் போனவன் அவன், 14ஆம் அத்தியாயத்தில் இருக்கிறது. அவனை நம்பி அவள் போனது சரியா என்று கடைசிக் கூட்டத்தில் கேளுங்கள். ஆளுக்கொரு பதில் வந்தால் நல்லதுதான்.