கோலாலம்பூரிலிருந்து மலையாற்றுக் கயாக்: எங்கே தொடங்குவது, எப்படி இறங்குவது

மலையிடுக்கில் பாறைக்குப் பாறை குதித்து இறங்கும் கயாக் (துடுப்பால் செலுத்தும் சிறு படகு) காணொளிகளைப் பார்த்துவிட்டு, “அடுத்த வாரம் போகலாமா?” என்று கேட்பவர்கள் நிறையப் பேர். போகலாம், ஆனால் அடுத்த வாரம் நீச்சல் குளத்துக்கு.

படி 1: குளம்

இடுப்பைச் சுற்றி அணிந்து படகின் வாயை மூடும் உறைக்கு ஸ்ப்ரே ஸ்கர்ட் என்று பெயர். கவிழ்ந்தால் அதைக் கழற்றி வெளியேறத் தெரிய வேண்டும். தலைகீழாக இருக்கும்போது முன்னால் குனிந்து படகோடு ஒட்டிக்கொள்ளுங்கள்; ஆற்றில் முகம் பாறையில் அடிபடாமல் இருக்க இதுதான் வழி. படகின் விளிம்பைத் தடவிக்கொண்டே முன்னே போனால் ஸ்கர்ட்டின் பிடிவளையம் கைக்கு அகப்படும். அதை முன்பக்கம் தள்ளி, பிறகு இழுங்கள். கண்ணை மூடிக்கொண்டு செய்யவும் பழக வேண்டும்.

அப்புறம் ரோல், அதாவது வெளியே வராமலேயே இடுப்பை வெட்டிப் படகை நிமிர்த்துவது. தலை கடைசியாகத்தான் மேலே வர வேண்டும். அவசரப்பட்டுத் தலையைத் தூக்கினால் மறுபடியும் கவிழ்வீர்கள்.

படி 2: கோல குபு பாரு

கோலாலம்பூரிலிருந்து ரவாங் ஊரைத் தாண்டி வடக்கே போனால், அணைக்குக் கீழே ஓடும் சிலாங்கூர் ஆறு. அணையில் எவ்வளவு தண்ணீர் திறக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஆற்றின் குணம் மாறும். அங்கே ராஃப்டிங் (ரப்பர் படகுப் பயணம்) நடத்துபவர்களிடம் கேட்டுவிட்டு, பயிற்சியாளரோடு இறங்குங்கள்.

இங்கே கற்க வேண்டியது எடி. பாறைக்குப் பின்னால் தண்ணீர் எதிர்த்திசையில் திரும்பி அமைதியாகக் கிடக்கும் இடம் அது. வேகத்தோடு, பாறையை ஒட்டி, குறுக்காக உள்ளே நுழையுங்கள். படகு எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கமே சாய வேண்டும். எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ஆறு விளிம்பைப் பிடித்துக் கவிழ்த்துவிடும். செங்குத்தான மலையோடையில் இறங்குவது என்பது ஓர் எடியிலிருந்து அடுத்த எடிக்குப் போவதுதான். நினைத்த எடியில் நினைத்தபடி நிற்க வராதவரை மலையிடுக்குப் பக்கம் போகாதீர்கள் என்பேன்.

படி 3: சாமான்

மூக்கும் வாலும் மேல்நோக்கி வளைந்த, நன்றாக மிதக்கும் பிளாஸ்டிக் கிரீக் படகு, ஹெல்மெட், லைஃப் ஜாக்கெட், விசில், தண்ணீரில் விழுந்தவருக்கு வீச, மிதக்கும் கயிறு உள்ள த்ரோ பேக் என்ற பை. ஒருவராகப் போகவே கூடாது; மூன்று பேராவது வேண்டும்.

படி 4: வானமும் கரையும்

காலையில் பசியாறிவிட்டுச் சீக்கிரம் கிளம்புங்கள். தித்திவங்சா மலைத்தொடரில் பிற்பகல் இடிமழை சகஜம். மேலே மழை கொட்டினால், கீழே வெயில் காயும்போதே கெப்பாலா ஆயர், அதாவது திடீர் மலைவெள்ளம், வந்துவிடும். தெளிவாக ஓடிய தண்ணீர் திடீரென்று தே தாரே (ஆற்றிய பால் தேநீர்) நிறத்துக்கு மாறி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால், உடனே கரையேறி உயரமான இடத்துக்குப் போய்விடுங்கள். 1883-இல் அங்கிருந்த பழைய அணை உடைந்து வந்த வெள்ளம் பழைய கோல குபுவைச் சின்னாபின்னமாக்கியது. இந்த மலைத்தண்ணீரைச் சாதாரணமாக எடைபோட வேண்டாம்.

கண்ணுக்கு எட்டாத திருப்பம் எதுவானாலும் இறங்கி நடந்து போய்ப் பாருங்கள். விழுந்து கிடக்கும் மரங்களைத்தான் முதலில் தேட வேண்டும். கிளைகள் வழியே தண்ணீர் போய்விடும், மனிதன் சிக்கிக்கொள்வான். சந்தேகம் வந்தால் படகைத் தோளில் போட்டுக்கொண்டு நடங்கள். அனுபவசாலிகளும் அப்படித்தான் செய்கிறார்கள்.

படி 5: பூஃப்

சிறு வீழ்ச்சியின் அடியில் தண்ணீர் பின்னோக்கிச் சுருண்டு படகைப் பிடித்து வைக்கும். மூக்கு அதில் குத்தாமல் தாண்டி விழ வைப்பதே பூஃப். விளிம்பை நெருங்கும்போது துடுப்பை விளிம்பிலேயே ஊன்றி ஒரு நீண்ட இழுப்பு. அதே நொடியில் முழங்கால்களை மேலே தூக்கி, இடுப்பை முன்னே தள்ளுங்கள். தரையிறங்கும்போது உடம்பு முன்னால் சாய்ந்திருக்கட்டும். ஒரு மீட்டருக்குக் குறைவான வீழ்ச்சியில், அடியில் ஆழம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பழகுங்கள். உயரம் கூடினால் தட்டையாக விழுவது முதுகெலும்புக்கு ஆகாது.

படகைவிட்டு வெளியே வந்துவிட்டால் மல்லாந்து, கால்விரல்கள் நீர்மட்டத்தில் தெரிய, கால் முன்னே போகும்படி மிதங்கள். ஓடும் தண்ணீரில் எழுந்து நிற்க முயன்றால் பாறையிடுக்கில் கால் மாட்டி, ஆறு உங்களை முகம் குப்புற அமுக்கிவிடும். கயிறு வந்தால் கையில் சுற்றாமல் பிடித்து, தோள்மேல் போட்டுக்கொள்ளுங்கள். மற்றவர்கள் கரைக்கு இழுத்துவிடுவார்கள். படகை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.