புதுச்சேரி வெயிலில் ஷிபா இனு: முடியை மழிக்காதீர்கள்

சித்திரை வந்துவிட்டால் லாஸ்பேட்டையில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், "பாவம், இதுக்கு மொட்டை அடிச்சிடலாமா?" என்று கேட்பார். அவர் வளர்ப்பது ஷிபா இனு நாய். நம் ஊர் பொமரேனியனைப் போல கூர்மையான காதும் அடர்ந்த முடியும் உள்ள ஸ்பிட்ஸ் வகைதான், ஆனால் ஜப்பானில் பறவைகளையும் சிறு விலங்குகளையும் வேட்டையாட வளர்த்த இனம். 1936ல் அந்த நாடு இதை இயற்கைச் சின்னமாகவே அறிவித்தது.

மொட்டை வேண்டவே வேண்டாம். இதற்கு இரண்டு அடுக்கு முடி. மேலடுக்கு வெயில் தோலில் படாமல் காக்கிறது. மழித்தால் சரியாக வளராமலும் போகலாம். உள்முடி கொத்துக் கொத்தாக உதிரும் நாட்களில் தினமும் சீவி எடுங்கள், காற்று தோல் வரை போகும். மழைக்காலத்தில் உள்முடி ஈரமாகவே இருந்தால் தோல் புண்ணாகிவிடும், நன்றாகத் துவட்டுங்கள். அப்புறம் உண்ணி. காதுக்குள்ளும் விரல் இடுக்கிலும் தேடிப் பாருங்கள்.

நாய் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது. நம் கடலோரப் புழுக்கத்தில் அது சரியாக வேலை செய்யாது. அதனால் நடை விடியற்காலையில்தான், கடற்கரைச் சாலையில் வண்டிகள் விடப்படுவதற்கு முன்பு. கயிற்றை மட்டும் அவிழ்க்காதீர்கள். அணிலைக் கண்டால் வேட்டைக் குணம் எழுந்துவிடும், கூப்பிட்டாலும் திரும்பாது.

கடுமையாக இரைத்து, எச்சில் வடிந்து, தள்ளாடினால் வயிற்றிலும் கால்களிலும் தண்ணீர் விட்டு, மின்விசிறியைப் போட்டு, உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். ஈரத்துண்டைப் போர்த்தி வைக்காதீர்கள், அது சூட்டை உள்ளேயே அடைத்துவிடும்.