மெமரி மேப்பில் முதல் பதிவு சரி, அடுத்தது குப்பையா?

சொந்தமாக கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பு. கணினியைத் தொடங்கிவைக்கும் ஃபர்ம்வேரான யுஇஎஃப்ஐ தரும் மெமரி மேப்பை (நினைவகத்தின் எந்தப் பகுதி எதற்கு என்ற பட்டியலை) அச்சிட்டால் முதல் பதிவு சரியாக இருக்கிறது, இரண்டாவதிலிருந்து நம்பவே முடியாத முகவரிகள் வருகின்றன என்றால், நினைவகத்தைப் பிரித்துக் கொடுக்கும் பேஜ் அலொகேட்டரைக் குடைய வேண்டாம். பட்டியலில் ஒரு பதிவிலிருந்து அடுத்ததற்கு எத்தனை பைட் தாண்டிப் படிக்கிறீர்கள் என்று பாருங்கள்.

64 பிட் கணினியில் ஒரு பதிவைக் குறிக்கும் நம் ஸ்ட்ரக்சரின் அளவு 40 பைட். ஆனால் கியூஎமு என்ற மெய்நிகர் கணினியில் ஓடும் ஓவிஎம்எஃப் என்ற யுஇஎஃப்ஐ ஒவ்வொரு பதிவுக்கும் 48 பைட் ஒதுக்குகிறது. ஸ்ட்ரக்சரின் அளவைத் தரும் சைஸ்ஆஃப் போட்டு நகர்ந்தால் ஒவ்வொரு முறையும் 8 பைட் பின்தங்குவோம். ஆறு நாற்பதும் ஐந்து நாற்பத்தெட்டும் 240 தான். அதனால் 0, 6, 12 என ஆறுக்கு ஒன்று மட்டும் ஒழுங்காகத் தெரியும். இந்த வடிவத்தைப் பார்த்தாலே காரணம் இதுதான் என்று கிட்டத்தட்ட உறுதி. மேப்பை வாங்கும் கெட்மெமரிமேப் அழைப்பு திருப்பித் தரும் டிஸ்கிரிப்டர் (பதிவு) அளவை வைத்துத்தான் நகர வேண்டும். அதை கர்னலுக்கும் மறக்காமல் அனுப்புங்கள்.

பூட்லோடர் கர்னலை ஏற்றுவதற்கான மல்டிபூட் என்ற நெறிமுறையின் முதல் பதிப்பிலும் இதே மாதிரி ஒரு சிக்கல் உண்டு: அதன் மேப்பில் ஒவ்வொரு பதிவின் அளவு புலம் தன்னைச் சேர்த்துக் கணக்கிடாது, அடுத்த பதிவுக்கு நகர 4 பைட் கூட்டுங்கள்.

அப்புறம், யுஇஎஃப்ஐயின் பூட் சேவைகளை முடித்துவைக்கும் எக்ஸிட்பூட்சர்வீசஸ் அழைப்பு தோற்றால் மேப்பை மறுபடி வாங்கி, அதனுடன் வரும் புதிய கீயுடன் (மேப்பின் அடையாள எண்) உடனே அழையுங்கள். இடையில் திரையில் எதையும் அச்சிடாதீர்கள். அதுவே நினைவகம் ஒதுக்கி, கீயை மாற்றிவிடக்கூடும்.