காரைக்குடிக்கு ஸ்மார்ட் சிக்னல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024ல் காரைக்குடி மாநகராட்சி ஆனது. மாநகராட்சி என்றாலே கேமரா, தானியங்கி சிக்னல், கட்டுப்பாட்டு அறை என்று பேச்சு கிளம்பும். வரட்டும். சாயங்காலம் பெரியார் சிலைப் பக்கம் ஸ்கூட்டரில் போகிற யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் சென்னைக்கோ கோவைக்கோ தயாரித்த திட்டத்தில் ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி இங்கே கொண்டுவந்து நட்டால் காசுதான் வீண். செட்டிநாட்டுப் போக்குவரத்து கடிகாரத்தைவிடப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் அதிகம் ஓடுகிறது.

முதல் தவறே அங்கேதான் நடக்கும். சிக்னல் அமைக்குமுன் சந்திப்பில் வண்டிகளை எண்ணுவார்கள். வழக்கமாக அதைச் சாதாரண வேலைநாளில்தான் செய்வார்கள். அந்தக் கணக்கில் நம் ஊர் பிடிபடாது. ஆடியிலும் மார்கழியிலும் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் தை முகூர்த்தத்துக்குத் திறக்கும். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் வெளியூர் கார்கள் தெருவின் இருபுறமும் நிற்கும். தைப்பூசம் வந்தால் நகரத்தார் காவடிகளோடு குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கிறார்கள். பிள்ளையார்பட்டி சதுர்த்தி, சிராவயல் மஞ்சுவிரட்டு என்று ஒவ்வொன்றுக்கும் கூட்டம் வெவ்வேறு திசையில் திரும்பும். இந்தத் தேதிகள் எவருக்கும் புதிதல்ல, ஒரு வருஷம் முன்பே தெரிந்தவை. எந்தப் பக்கம் எத்தனை விநாடி பச்சை என்ற நேரத்திட்டத்தைக் காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என ஏற்றுவதுபோல, முகூர்த்த நாளுக்கும் திருவிழா நாளுக்கும் தனித் திட்டம் எழுதி சிக்னல் கருவியில் ஏற்றிவைக்கலாம். டெண்டரிலேயே அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்தது, ‘தானே முடிவெடுக்கும் சிக்னல்’ என்ற சொல்லை நம்பி மற்றதை விட்டுவிடுவது. இந்த வகையில் புகழ்பெற்ற ஸ்கேட்ஸ் என்ற முறை 1970களில் சிட்னியில் பிறந்தது. ஸ்கூட் இங்கிலாந்தில் உருவானது. இரண்டும் சாலைக்கு அடியில் பதித்த கம்பிச் சுருள்மேல் வண்டி போவதை வைத்துப் பச்சை நேரத்தைக் கணக்குப் போட்டவை. வண்டிகள் தடம் மாறாமல் வரிசையில் போகும் ஊர்களில் அது சரிவரும். நம்மிடம் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் கிடைத்த சந்திலெல்லாம் டூவீலர் நுழைந்து நிற்கும். போதாததற்கு, பாதாளச் சாக்கடைக்கோ குடிநீர்க் குழாய்க்கோ ஒரு தடவை ரோட்டைத் தோண்டினால் கம்பிச் சுருள் அறுந்துவிடும். நம் நாட்டுக் கலப்புப் போக்குவரத்தை மனத்தில் வைத்தே மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக் கோசிகாஸ்ட் என்ற முறையை உருவாக்கியிருக்கிறது. எந்த முறையை வாங்கினாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வரிசை இல்லாமல் குவியலாக நிற்கும் டூவீலர்களை இது எண்ணுமா?

எண்ணினாலும் ஏமாறுகிற இடம் இன்னொன்று இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சந்திப்பைத் தாண்டியதும் பத்தடி தூரத்தில் டவுன் பஸ் நின்று ஆளேற்றுகிறது என்று வையுங்கள். பச்சை விழுந்தும் பின்னால் இருப்பவர்களால் நகர முடியாது. கேமராவுக்கு பஸ் தெரியாது. நீண்டு நிற்கும் வரிசைதான் தெரியும். ‘இந்தப் பக்கம் கூட்டம் அதிகம்’ என்று முடிவுகட்டி அடுத்த சுற்றில் இன்னும் பத்து விநாடி கூட்டிக் கொடுக்கும். அந்தப் பத்து விநாடியும் நகராத வண்டிகளுக்கே போகும். எதிர்ப்பக்கம் போகக்கூடியவர்கள் சிவப்பில் காத்திருப்பார்கள். கடை வாசலில் இரட்டை வரிசையாக நிறுத்திய கார்களும் இதையேதான் செய்யும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மென்பொருளாலும் இதைத் திருத்த முடியாது. பஸ் நிறுத்தத்தைச் சந்திப்பிலிருந்து தள்ளி வைப்பது, சந்திப்பை ஒட்டி வண்டி நிறுத்தவிடாமல் பார்த்துக்கொள்வது, இந்த இரண்டும் முதலில் நடக்க வேண்டும். சில இடங்களில் இவை நடந்தாலே சிக்னலுக்கு வேலை இருக்காது என்பது என் எண்ணம்.

நான்கு பக்கத்துக்கும் தனித்தனிப் பச்சை கொடுப்பதும் யோசிக்காமல் செய்யப்படுவதுதான். ஒவ்வொரு மாற்றத்திலும் கிளம்பவும் நிற்கவும் ஏறக்குறைய நான்கு விநாடி போகும். அறுபது விநாடிச் சுற்றில் நான்கு மாற்றம் என்றால் பதினாறு விநாடி, அதாவது கால்வாசிக்கு மேல், யாருக்கும் பயன்படாமல் கழியும். அதைக் குறைக்கச் சுற்றை நீட்டினால் காத்திருப்பு பொறுக்காமல் சிவப்பில் நுழைவார்கள்.

நடப்பவர்களை எண்ணாமல் விடுவது என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றிலும் மோசமானது. சாலை கடக்கும் நேரத்தைப் பெரும்பாலும் விநாடிக்கு 1.2 மீட்டர் வேகம் என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். 15 மீட்டர் அகலச் சாலைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று விநாடி வரும். இங்கே ஊரோடு தங்கிவிட்டவர்களில் வயதானவர்கள் எத்தனை பேர்! சந்தைப் பையோடு ஓர் ஆச்சி விநாடிக்கு 0.8 மீட்டர் நடந்தால் பத்தொன்பது விநாடி வேண்டும். மீதி ஆறு விநாடி அவர் நடுரோட்டில்தான் நிற்கிறார்.

கருவியை மாட்டியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதும் கூடாது. நம் பக்கம் கோடையில் காற்றடித்தால் கேமராக் கண்ணாடியில் செம்மண் தூசி படலமாக ஒட்டும். ராத்திரி பார்க்க உதவும் அகச்சிவப்பு விளக்கைத் தேடிப் பூச்சி வரும். பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். கண்ணாடிக்கு முன்னால் பின்னிய வலை அந்த வெளிச்சத்தில் வெள்ளையாக ஒளிர்ந்து பாதிப் படத்தை மறைத்துவிடும். மேற்கே பார்த்த கேமரா மாலை வெயிலில் கூசும். மாதாமாதம் துடைக்க ஆள், கேமராவின் திசை, இரண்டும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மின்சாரமோ இணையமோ அறுந்தால் சிக்னல் அணைந்து போகாமல், தன்னுள் இருக்கும் நிலையான நேரத்திட்டத்தில் பேட்டரியில் ஓட வேண்டும் என்பதும் அதில் சேரும்.

அபராதக் கேமராவை மட்டும் பொருத்திவிட்டு அதைப் போக்குவரத்து மேலாண்மை என்று சொல்லக் கூடாது. 2021ல் வந்த மத்திய மோட்டார் வாகன விதி 167ஏ, கேமரா இருப்பதை முன்கூட்டியே பலகை வைத்துச் சொல்ல வேண்டும், அபராத அறிவிப்பைப் பதினைந்து நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்கிறது.

ஊருக்கு வெளியே கதை வேறு. தேவகோட்டை ரஸ்தா போன்ற நெடுஞ்சாலைக் கூட்டுரோடுகளில் நெரிசலைவிட வேகம்தான் ஆளைக் கொல்கிறது. அங்கே விலையுயர்ந்த சிக்னலைவிட நல்ல வெளிச்சமும், மினுக்கும் மஞ்சள் விளக்கும், வண்டியை அதிரவைக்கும் குறுக்குப் பட்டைகளும் அதிகம் உதவும். எந்த இடம் என்று ஊகிக்கவும் தேவையில்லை. சென்னை ஐஐடி வடிவமைத்த விபத்துத் தரவுத்தளத்தில் போலீசார் விபத்து நடந்த இடத்தைச் செயலியிலேயே பதிகிறார்கள். அந்தப் புள்ளிகளை வரைபடத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் முதல் கம்பத்துக்குக் குழி தோண்ட வேண்டும்.